போலீஸ் துரத்திய கார் என்மேல் மோதிய பிறகு நான் அலைந்த 14 மாதம்

2022 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறே கால் மணி. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது. எனக்கு முன்னால் வண்டி எதுவும் இல்லை. சந்திப்பின் நடுவுக்குப் போயிருப்பேன், இடப்பக்கம் பளீரென்று ஒரு வெளிச்சம். ஹாரன் இல்லை, டயர் தேயும் சத்தம் இல்லை. அடுத்து நினைவில் இருப்பது காருக்குள் பரவியிருந்த வெள்ளைத் தூளும் கருகிய வாடையும்தான். ஏர்பேக் விரியும்போது அப்படித்தான் இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கார் அரை வட்டம் சுற்றி, நான் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பிறகுதான் சைரன் என் காதில் விழுந்தது. மூன்று போலீஸ் வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின. தலைக்கு மேலே ஹெலிகாப்டரின் வெளிச்சம் ரோட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

திருட்டுக் கார் ஒன்றைத் துரத்தி வந்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த அந்தக் கார் என் வண்டியின் பின் இடது கதவில் இடித்தது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் என் மகளின் இருக்கை. அவளும் அவள் அம்மாவும் அப்போது ஊருக்குப் போயிருந்தார்கள். இருக்கையைக் கழற்றாமல் அப்படியே விட்டிருந்தேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது திரும்பிப் பார்த்தேன், அதன் ஒரு பக்கம் முழுக்க உள்ளே மடங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்துச் சட்டைப் பையில் கை விட்டபோது சதுரச் சதுரமாகக் கண்ணாடித் துண்டுகள் வந்தன. அன்றைக்குத்தான் அழுதேன். ஊருக்குப் போன் போட்டு மனைவியிடம், சின்ன இடி, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதால் அடுத்து வந்த எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்க வேண்டியதாகிவிட்டது. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி இழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்கா வந்த புதிதில் ரூமில் நண்பர்களோடு உட்கார்ந்து டிவியில் சேஸ், அதாவது போலீஸ் துரத்தல், பார்த்த ஆள்தான் நானும். இந்த ஊரில் அது ஒரு பழக்கம். 1958-லேயே உலகின் முதல் டிவி ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டது இங்குள்ள கேடிஎல்ஏ சேனல். 1992 ஜனவரியில் ஒரு திருட்டுக் காரைப் போலீஸ் துரத்தியதை இன்னொரு உள்ளூர் சேனல் நேரலையில் காட்டியது. 1994 ஜூன் 17 அன்று கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனை ஏற்றிக்கொண்டு போன வெள்ளை பிராங்கோ காரை நாடு முழுக்க சுமார் ஒன்பதரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். அதற்கப்புறம் சேஸ் வந்துவிட்டால் நடக்கிற நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அதைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் சின்னச் சின்னப் பொம்மைகள். குறுக்கே வரும் கார்களுக்குள் ஆள் இருப்பதே தெரியாது. நானும் எத்தனையோ ராத்திரி அப்படிப் பார்த்திருக்கிறேன். இப்போது யார் வீட்டிலாவது அது ஓடினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

முதல் தவறு, காத்திருந்தது. போலீஸ் துரத்தியதால் நடந்த விபத்து, அவர்களே கூப்பிடுவார்கள், அவர்களே ஏதாவது செய்வார்கள் என்று நினைத்தேன். யாரும் கூப்பிடவில்லை. கார் வழக்குக்குச் சான்று என்று சொல்லி டோ யார்டில், அதாவது இழுத்து வந்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடத்தில், ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். விடுவித்த அன்றைக்குப் போனால், வாடகையும் இழுத்து வந்த கூலியும் சேர்த்து 1,050 டாலர் கட்டச் சொன்னார்கள். என்மேல் எந்தத் தவறும் இல்லையே என்றேன். கவுண்டரில் இருந்தவர் ரசீதைத் திருப்பி என் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். உங்களுக்கு இப்படி நடந்தால் மறுநாளே போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். வண்டியை விடக்கூடாது என்ற ‘ஹோல்ட்’ உத்தரவு இருக்கிறதா, என்றைக்கு எடுப்பார்கள், எழுத்தில் தருவார்களா. அந்த அதிகாரியின் பெயரையும் கேஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹோல்ட் எடுத்த அதே நாளில் வண்டியை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், ஒவ்வொரு நாளும் காசு. நேரில் போனால் உள்ளே இருக்கும் உங்கள் சாமான்களையும், நொறுங்கிய குழந்தை இருக்கையையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துவிடுங்கள். இருக்கைக்கும் இன்ஷூரன்ஸில் கேட்கலாம், கலிபோர்னியாவில் அதற்குத் தனியாகச் சட்டமே இருக்கிறது. நான் கேட்டேன், புது இருக்கைக்குப் பணம் வந்தது. இந்த விவகாரம் முழுவதிலும் சண்டையில்லாமல் கைக்கு வந்த பணம் அது ஒன்றுதான்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். இதில்தான் எனக்குப் பெரிய அடி. காரின் கடன் முடிந்ததும், மாதம் 48 டாலர் மிச்சமாகும் என்று கொலிஷன் பாதுகாப்பை (மோதலில் என் காருக்கு வரும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ்) நிறுத்திவிட்டிருந்தேன். என்மேல் தவறு இல்லாவிட்டால் எதிராளியின் இன்ஷூரன்ஸ் கொடுத்துவிடும், அப்புறம் எதற்கு என்று கணக்குப் போட்டேன். எதிராளி ஓட்டியது திருட்டுக் கார். உரிமையாளரின் அனுமதியில்லாமல் ஓட்டியதால் அந்தக் காரின் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிட்டது. ஓட்டிய பையனுக்கு இன்ஷூரன்ஸே இல்லை. சரி, என் பாலிசியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக இரண்டாவது பக்கத்தைப் படித்தேன். இன்ஷூரன்ஸ் இல்லாத ஓட்டுநரால் என் வண்டிக்கு வரும் சேதத்துக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. கலிபோர்னியாவில் அதன் உச்சம் 3,500 டாலர். டீலர் என் காருக்குப் போட்ட மதிப்பு 14,200. நொறுங்கிய வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்ததில் 900 வந்தது. காரில் மட்டும் 9,800 டாலர் போயிற்று.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவத்துக்கு என் கையிலிருந்து 2,150. ஒப்பந்த வேலை என்பதால் போகாத 12 நாளுக்குச் சம்பளம் இல்லை, அது 3,360. ஆறு வாரம் வாடகைக் கார் 1,740. காரையும் டோ யார்டையும் சேர்த்தால் 18,100 டாலர். அதே பாலிசியில், இன்ஷூரன்ஸ் இல்லாதவரால் உடம்புக்கு வரும் பாதிப்புக்கும் ஒரு வரி இருந்தது. அதை எனக்குச் சொன்னது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இல்லை, கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன். “அண்ணா, யூஎம்-னு ஒண்ணு இருக்கும், அதுல பாடிலி இஞ்சுரின்னு போட்டிருக்கா பாருங்க. இருந்தா உங்க கம்பெனிகிட்டயே க்ளெய்ம் பண்ணலாம்” என்றான். ஏழு மாதம் இழுத்து அதில் 4,000 டாலர் வந்தது. இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே உங்கள் பாலிசியைத் திறந்து இந்த வரிகளைப் பார்த்துவிடுங்கள். தப்பி ஓடுகிறவனிடம் இன்ஷூரன்ஸ் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இருந்தாலும், அப்போது கலிபோர்னியாவில் மற்றவரின் சொத்துச் சேதத்துக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய தொகை வெறும் 5,000 டாலர்தான். 2025 ஜனவரியிலிருந்துதான் அது 15,000 ஆனது.

இப்போது அரசாங்கத்திடம் கேட்பது. இதில் தேதிதான் எல்லாம். கலிபோர்னியாவில் ஒரு நகரத்தின்மீதோ கவுண்டியின்மீதோ மாநிலத்தின்மீதோ, உடம்புக்கோ வண்டிக்கோ வந்த சேதத்துக்கு ஈடு கேட்க வேண்டுமென்றால், நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்தில் க்ளெய்ம் கொடுக்க வேண்டும். சாதாரண விபத்து வழக்குக்கு இரண்டு வருடம் இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். நான்கு மாதம் போனது. அதற்கப்புறம் கொடுத்ததும் தப்பான இடத்தில். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருக்கின்றன. ஒரு நகரத்தின் போலீஸ் ஆரம்பிக்கும் துரத்தலை இன்னொரு நகரமோ, ஷெரீஃப் எனும் கவுண்டி போலீஸோ, நெடுஞ்சாலைப் போலீஸோ வழியில் வாங்கிக்கொள்ளும். நான் அடிபட்ட இடம் எந்த நகரமோ அதற்கு அனுப்பினேன். துரத்தியது பக்கத்து நகரத்தின் போலீஸ். நான்கு வாரம் கழித்து, இது எங்களுடையது இல்லை என்று கடிதம் வந்தது. ஆறு மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. அன்றைக்கு மத்தியானம் விடுப்புப் போட்டு நேரில் போய், சரியான நகரத்தின் கிளார்க் அலுவலகத்தில் கொடுத்து, என் பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

விபத்து அறிக்கையை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, துரத்தியது யார், எங்கே ஆரம்பித்தது, எத்தனை படை சேர்ந்தது என்பதை. ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். மாநில நெடுஞ்சாலைப் போலீஸ் சேர்ந்திருந்தால் மாநில அரசின் க்ளெய்ம் பிரிவுக்கு 25 டாலர் கட்டணத்தோடு போக வேண்டும். இந்த மாநிலத்தில் ஒவ்வொரு துரத்தலுக்கும் போலீஸ் ஒரு படிவம் நிரப்பி நெடுஞ்சாலைப் போலீஸுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதன் எண் 187ஏ. பொதுப் பதிவுகள் சட்டப்படி அதைக் கேட்டு எழுதுங்கள், கிடைக்காவிட்டாலும் கேட்டதற்கு ஒரு பதிவு இருக்கும். க்ளெய்ம் கொடுத்தால் 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுத்தில் மறுத்துவிட்டால், அந்தத் தேதியிலிருந்து வழக்குப் போட இன்னொரு ஆறு மாதம்தான். அதையும் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

எனக்கு மறுப்புதான் வந்தது. ஒரு பக்கக் கடிதம். அதில் ஒரு சட்ட எண், கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் பிரிவு 17004.7. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான், நான் டிவியில் பார்த்த துரத்தலுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது. இலவச ஆலோசனை தந்த ஒரு வக்கீல் முதல் கேள்வியாக, “உங்களை இடித்தது ஓடியவன் வண்டியா, போலீஸ் வண்டியா?” என்று கேட்டார். இரண்டும் வேறு வேறு உலகம். போலீஸ் வண்டியே இடித்திருந்தால், கவனக்குறைவு இருந்ததென்று காட்ட முடிந்தால், ஓட்டிய அதிகாரிக்குப் பொறுப்பிலிருந்து விலக்கு இருந்தாலும் அந்த நகரம் பொறுப்பேற்க வேண்டிவரும். ஓடியவன் இடித்தால், துரத்தலுக்கு எழுத்தில் விதிமுறை வைத்து, ஆட்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்திருக்கும் நகரத்துக்கு முழு விலக்கு. அன்றைக்கு அந்தத் துரத்தல் சரியா தப்பா என்பதைக் கேட்கவே மாட்டார்கள்.

இந்த விலக்கு வந்தது 1987-ல். அப்போது விதிமுறை என்று ஒரு தாள் இருந்தாலே போதும் என்ற நிலைமை. 2002-ல் வெஸ்ட்மின்ஸ்டர் நகரத்தின் மீதான ஒரு வழக்கில், பள்ளிக்கூட வாகன நிறுத்தத்துக்குள் துரத்தல் புகுந்து மாணவர்கள் அடிபட்டதை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டப்படி நகரத்தை விடுவித்துவிட்டு, சட்டமன்றம் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதியது. அதே வருட ஜனவரியில் சிகோ நகரத்தில், குடும்பத்தோடு வேனில் போய்க்கொண்டிருந்த கிறிஸ்டி என்ற 15 வயதுப் பெண், போலீஸ் துரத்திய கார் இடித்து இறந்துபோனாள். துரத்தப்பட்டதும் ஒரு பதின்ம வயதுப் பெண்தான், தன் அம்மாவின் காரை எடுத்து வந்தவள். கிறிஸ்டியின் பெற்றோர் வருடக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 2007 ஜூலையிலிருந்து, விலக்கு வேண்டுமானால் வருடாவருடம் பயிற்சி தர வேண்டும், விதிமுறையைப் படித்துப் புரிந்துகொண்டதாக ஒவ்வொரு அதிகாரியும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆனது. 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு சில பேர் கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தாலும் விலக்கு போகாது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்த ராத்திரி எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

பிசியோதெரபிக்குப் போன இடத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ரோந்துப் போலீஸ்காரர், 1974-ல் வேலைக்குச் சேர்ந்தவர், முழங்கால் மாற்றியிருந்தார். என் கழுத்துப் பட்டையைப் பார்த்து விசாரித்தார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் காலத்தைப் பற்றிச் சொன்னார். ஓடுகிறவனை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்புவது அப்போது பெரிய அவமானமாம். எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பெரிய வி-8 எஞ்சின் காரைக் கொடுத்து அனுப்புவார்கள், அவ்வளவுதான். அவர் சேர்வதற்கு முன்பு, 1969-ல் நெடுஞ்சாலைப் போலீஸ் வாங்கிய டாட்ஜ் பொலாரா மணிக்கு 147 மைல் வரை போகுமாம். வேகமான காருக்கு அதைவிட வேகமான கார், அதுதான் அந்தக் காலத்து பதில். 80-களில் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி போலீஸ், ஓடும் காரின் பின்பக்க ஓரத்தைத் தட்டிச் சுழற்றி நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ரோட்டில் விரிக்கும் முள் பட்டை வந்தது. அதிலுள்ள முட்களுக்குள் துளை இருக்கும், டயர் வெடிக்காமல் காற்று மெல்ல இறங்கும். இன்றைக்கு ஹெலிகாப்டர் வந்துவிட்டால் தரையில் இருப்பவர்கள் பின்வாங்கி, பின்னால் யாரும் இல்லை என்று ஓடுகிறவனை நம்பவைத்து, வேகத்தைக் குறைக்கவிட்டுப் பிடிக்கிறார்கள். சில படைகளிடம் ஜிபிஎஸ் பொருத்திய ஒட்டும் குண்டை முன்காரின்மேல் சுடும் கருவி இருக்கிறது. ஒட்டிவிட்டால் துரத்தவே வேண்டாம். “இப்போ ரேடியோவில் மேலதிகாரி நிறுத்துன்னா நிறுத்தியாகணும். எங்க காலத்தில் அது இருந்திருந்தா சில பேர் இன்னைக்கு உயிரோட இருப்பாங்க” என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸ் 2003-லேயே சின்ன போக்குவரத்து மீறலுக்காகத் துரத்துவதை நிறுத்தியது. அதற்காக எல்லாம் ஒரே திசையில் போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். வாஷிங்டன் மாநிலம் 2021-ல் துரத்தலை இறுக்கியது, 2024-ல் தளர்த்தியது. சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2024 மார்ச்சில் தங்கள் போலீஸ் கூடுதலாகத் துரத்த அனுமதி கொடுத்தார்கள். நியூயார்க் நகரம் 2025 பிப்ரவரியில் இறுக்கியது. 2007-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம், ஜார்ஜியாவில் ஓடியவனின் காரை இடித்து நிறுத்திய அதிகாரிக்குச் சாதகமாக, போலீஸ் வண்டியில் பதிவான வீடியோவைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்க 1996 முதல் 2015 வரை வருடத்துக்குச் சராசரியாக 355 பேர் துரத்தல் விபத்துகளில் இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்க நீதி அமைச்சகத்தின் புள்ளிவிவரப் பிரிவு கணக்கிட்டது. கிட்டத்தட்ட நாளுக்கு ஒருவர். என்னைப் பொறுத்தவரை, கொலையோ கடத்தலோ என்றால் துரத்தட்டும். ஒரு திருட்டுக் காருக்காக, ஆபீஸ் விட்டு எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் சிக்னல் சிக்னலாகத் துரத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கார் இல்லாமல் அதன் உரிமையாளர் இன்ஷூரன்ஸில் வேறு கார் வாங்கியிருப்பார்.

ரோட்டில் என்ன செய்வது என்பதையும் அந்தப் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். சைரன் கேட்டால் வலப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் துரத்தலில் முதலில் வரும் வண்டிக்குச் சைரன் கிடையாது, பல சமயம் ஹெட்லைட்டும் இருக்காது. இப்போதைய கார்களில் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுவிட்டால் சைரன் பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும். அதனால் தாழ்வாக ஹெலிகாப்டர் சுற்றினாலோ, தூரத்தில் எங்கேயாவது சைரன் கேட்டாலோ, கண்ணாடியை இறக்குங்கள். பச்சை விழுந்தாலும் சந்திப்புக்குள் நுழையாமல் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு போலீஸ் வண்டி போய்விட்டால் நகர்ந்துவிடாதீர்கள், பின்னால் இரண்டாவதும் மூன்றாவதும் வரும். நடந்து போகிறீர்கள் என்றால் முனையில் நின்று பார்க்காதீர்கள், கட்டடத்தின் பக்கம் ஒதுங்குங்கள். மேம்பாலத்தில் நின்று போனில் படம் எடுப்பது மகா தப்பு.

கடைசியாக, குற்றவியல் வழக்கு. ஓடியவன் அன்றைக்கே பிடிபட்டான், 19 வயது. கலிபோர்னியாவில் பாதிக்கப்பட்டவருக்குக் குற்றவாளி ஈடு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போடும். அதற்கு நம் இழப்புக் கணக்கு ரசீதுகளோடு அரசு வக்கீல் அலுவலகத்திலுள்ள பாதிக்கப்பட்டோர் உதவிப் பிரிவுக்குப் போக வேண்டும். அவர்கள் அனுப்பிய முதல் கடிதம் என் பழைய முகவரிக்குப் போயிருந்தது. நானே போன் போட்டு விசாரித்ததால்தான் தண்டனைத் தேதிக்கு முன்னால் ரசீதுகளைக் கொடுக்க முடிந்தது. மருத்துவச் செலவுக்கும் போன சம்பளத்துக்கும் மாநிலத்தின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு வாரியம் என்று ஒன்றும் இருக்கிறது. காருக்கு அவர்கள் தர மாட்டார்கள், மற்ற வழியெல்லாம் முடிந்த பிறகு மிச்சத்துக்குத்தான் தருவார்கள், ஆனாலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

தண்டனை நாளன்று நீதிமன்றத்துக்குப் போனேன். அவன் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவனுடைய சட்டை. அவர் முகத்தைப் பார்த்ததும், பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டு போன தாளை மடித்து வைத்துவிட்டேன். மகளின் இருக்கை எப்படி மடங்கியிருந்தது என்பதை மட்டும் சொன்னேன். ஈட்டுத் தொகை 14,100 டாலர் என்று உத்தரவாயிற்று. அந்த உத்தரவு காலாவதி ஆகாது, அவன் சம்பாதிக்க ஆரம்பித்தால் வந்துகொண்டே இருக்கும் என்றார்கள். இதுவரை 340 டாலர் வந்திருக்கிறது. கடைசிக் காசோலை 22 டாலர். போன மாதம் வீடு மாறியதும் முதல் வேலையாகப் புது முகவரியை அந்த அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன்.